கன்னத்துச் சூடு

கிருமி வளர்க்கிற மீடியம் காய்ச்சுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கறிச்சாறு, உப்பு, கடற்பாசி மூன்றையும் கொதிக்கவிட வேண்டும். பிறகு குடுவையைக் கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கன்னம் பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் ரத்தம் கலந்து, சட்டென்று கண்ணாடித் தட்டுகளில் ஊற்றிவிட வேண்டும். கொதிக்கக் கொதிக்கக் கலந்தால் ரத்தம் கருகும். ஆறவிட்டால் குடுவைக்குள்ளேயே உறைந்துபோகும். அறுபத்திரண்டாம் வருஷம், விழுப்புரத்து மருந்து லேபில் நான் பார்த்த உத்தியோகம் இதுதான்.

அந்தத் தட்டில் கிருமியை வளர்ப்பார்கள். நடுவே குழி போட்டு ஊசிமருந்தைச் சொட்டுவார்கள். மருந்தில் வீரியம் இருந்தால் குழியைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டமாகத் தெளிந்திருக்கும். வட்டம் சிறுத்தால், மருந்து வெயிலில் வீணாய்ப் போயிற்று என்று அர்த்தம்.

கசாப்புக் கடை ரத்தம் வந்து சேர்வதற்குள் கட்டிக்கொள்ளும். அதனால் டெக்னீசியன் மாசிலாமணி தன் கையிலிருந்தே எடுத்துக் கொடுப்பார். திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். என்னை அக்கா என்பார். அக்காவாம் அக்கா! என்னைவிட ஒரு வயதாவது மூத்தவர்.

என் வீட்டுக்காரன் புதுச்சேரியில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தப் போனதிலிருந்து என் கையை ஒருவரும் தொட்டதில்லை. வளையல்கூட நானே சோப்புப் போட்டு மாட்டிக்கொள்வேன். பகலில் லேபில் கிருமியோடு, மற்ற நேரம் வாடகை அறையில் என்னோடு நானே. கிருமியாவது கூட்டமாக இருக்கும்.

கொஞ்ச நாளாக மாசிலாமணி தினமும் தாமதமாக வந்தார். "திண்டிவனத்துல சாருக்கு யாரோ இருக்குது போல" என்று வாட்ச்மேன் கண்ணையன் கண்ணடித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு என்ன உரிமை? ஒன்றுமில்லை. ஆனாலும் எரிந்தது.

அந்த வாரம் தட்டுகள் எல்லாம் மொட்டையாகக் கிடந்தன. குழியைச் சுற்றி மட்டும் அல்ல, எங்குமே கிருமி இல்லை. முதலாளி சக்கரபாணி என் மேல் பாய்ந்தார்.

"ஏம்மா காந்திமதி, தட்டக் கழுவுறியா, சும்மா தண்ணி காட்டுறியா? பழைய மருந்து ஒட்டிக்கினு இருக்குது. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வேற ஆள வச்சிப்பேன்!"

என் கழுவலையா சொல்கிறார்? கைத்தோல் உரிய உரியத் தேய்க்கிறவள் நான். ரத்தம் கலக்காமல் மிஞ்சிய மீடியத்தை ஒரு தட்டில் ஊற்றி வைத்திருந்தேன். அதில் மட்டும் கிருமி மண்டிக் கிடந்தது. இரண்டு தட்டையும் கொண்டுபோய் மாசிலாமணி முன்னால் வைத்தேன்.

"ரெண்டும் ஒரே தண்ணியில கழுவுனது. உங்க ரத்தம் இருக்கிற தட்டுல கிருமியே இல்ல. அப்படி என்னா இருக்குது உங்க ரத்தத்துல?"

அவர் போய்க் கதவைச் சாத்தினார்.

"டி.பி.ங்க. திண்டிவனத்துல ஒரு நர்ஸம்மா வூட்டுல தினம் காலைல ஊசி போட்டுக்கினு நேரா ரயிலு ஏறி வர்றேன். அந்த மருந்து ரத்தத்தோட தட்டு வரைக்கும் வரும்னு புத்தியில உரைக்கலீங்க. வெளிய தெரிஞ்சா வேலையும் போயிடும், ரூமும் போயிடும். அப்புறம் ஊசிக்கு எங்க போவேன்?"

பயத்தில் அக்கா என்று கூப்பிடுவதையே மறந்துவிட்டார். நான் வாயைத் திறந்தால் என் வேலை தப்பும், அவருடையது போகும். பாவி மனுஷன், இதற்காகவா நான் அத்தனை வயிறெரிந்தேன்?

சக்கரபாணியிடம் போய், "நான்தான் சார் சரியா கழுவல" என்றேன். திரும்பி வந்து மாசிலாமணி முன்னால் கையை நீட்டினேன்.

"இனிமே என் கையிலேர்ந்து எடுங்க."

அவர் ரப்பர் குழாயைக் கட்டி, விரலால் நரம்பைத் தேடினார். எனக்குக் கண்ணீர் முட்டியது.

"வலிக்குதாங்க?"

"ஆமா" என்றேன். வலிக்கவே இல்லை.

அதிலிருந்து திங்கட்கிழமைதோறும் வளையலைக் கழற்றி வைத்துக் காத்திருப்பேன். ஊசியை எடுத்தபின் பஞ்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருப்பார். ரத்தம் நிற்கும்வரை ஏதாவது பேசுவார். ரயில் கதை, மாடு குறுக்கே வந்த கதை. அக்கா என்று கூப்பிடுவது நின்றே போயிருந்தது. ரத்தம் சீக்கிரம் நின்றுவிடக் கூடாதே என்றிருக்கும். இவருக்குக் குணமாக வேண்டும் என்று மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். இப்போதே வேண்டாம், கொஞ்சம் மெதுவாக ஆகட்டும் என்றும் ஒருநாள் மனசுக்குள் ஓடியது. சீ, என்ன ஜென்மமோ!

அடுத்த வருஷம் தை மாதம் ஒரு திங்கட்கிழமை, பழையபடி முதல் ரயிலுக்கே வந்துவிட்டார். முகம் கொள்ளாத சிரிப்பு.

"ஊசி முடிஞ்சிடுச்சு. படம் புடிச்சுப் பாத்துட்டு, நெஞ்சு சுத்தமா இருக்குதுன்னுட்டாரு டாக்டரு!"

"சாமி கண்ணைத் திறந்துச்சு" என்றேன். நிஜமாகவே சந்தோஷம்தான். அப்போதே வளையலைக் கழற்றி மேஜைமேல் கையை நீட்டி வைத்திருந்தேன்.

அவர் தன் சட்டைக் கையை மடித்தார். ரப்பர் குழாயின் ஒரு முனையைப் பல்லால் கடித்து, தானே இழுத்துக் கட்டிக்கொண்டார்.

"இனிமே உங்களுக்கு எதுக்குத் தொல்லை? நீங்க பண்ணத சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்க்கா."

நான் கையை எடுத்துக்கொண்டேன். வளையலை ஒவ்வொன்றாக மாட்டினேன். அவர் ரத்தத்தோடு வந்து நின்றார்.

"சூடு பாருங்கக்கா."

குடுவையை இறக்கிக் கன்னத்தில் வைத்தேன். இதமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"அக்கா, ஆறிடப் போவுது" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் என்று வைத்திருந்தேன். பிறகு சாய்த்துப் பார்த்தால் குடுவைக்குள் எதுவும் அசையவில்லை. உறைந்து போயிருந்தது.

மறுபடி அடுப்பில் ஏற்றினேன்.