கோட்டை நிழலில் டூட்டி

புதுச்சேரிக் கோட்டையை 1761-இல் ஆங்கிலேயர்கள் கல் கல்லாக இடித்துப்போட்டார்கள். அதன் நிழலை இடிக்க மறந்துவிட்டார்கள். இன்றைக்கும் வெயில் சாய்ந்ததும் அது பூங்காவைத் தாண்டிக் கடற்கரைச் சாலை வரைக்கும் நீண்டு விழுகிறது. மதில், வாசல், மதில்மேல் துப்பாக்கியோடு நடக்கும் சிப்பாய்கள், எல்லாம் அப்படியே. பார்க்க விரும்புகிறவர்கள் நாலு மணிக்கு மேல் வரலாம், கட்டணம் கிடையாது. வெளியூர்க்காரர்கள் அதை மரநிழல் என்று நினைத்து அதில் நின்றே ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள்; அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. உள்ளூர்க்காரர்கள் மட்டும் மதில்நிழலை மிதிக்காமல் சுற்றிப்போய் வாசல்நிழல் வழியாகத்தான் நடப்பார்கள். அங்கே தரையிலிருந்து "கீ வீவ்?" என்று ஒரு குரல் வரும். யார் போவது என்று பிரெஞ்சில் கேட்கிறது. பேரையும் தெருவையும் சொன்னால் விட்டுவிடும். சுண்டல் விற்கும் ஆதிலட்சுமி சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், "அதே ஆளுதான்யா" என்பாள். அதற்கும் விட்டுவிடும்.

முத்தியால்பேட்டை கலியபெருமாள்தான் தப்பாகப் பதில் சொல்லித் தொலைத்தார். பாதி ஆயுளை நூல் மில்லில் கழித்தவர். மில் மூடி, சும்மா உட்கார்ந்து, கடைசியில் பூங்காவில் செடிக்குத் தண்ணீர் விடும் வேலைக்கு வந்தார். முதல் நாள் சாயந்திரம் வாசல்நிழலில் குரல் கேட்டதும், மில் கேட்டில் வாட்ச்மேனிடம் சொல்லிப் பழகிய வாய் தன்னால் "டூட்டி" என்றது. காவல் சிப்பாய்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். கலியபெருமாள் வீட்டுக்கு நடந்தார், அவருடைய நிழல் போகவில்லை. மடித்துக் கட்டிய லுங்கியோடு மதில்மேல் ஏறி, சிப்பாய்களோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு அவருக்குப் பசிக்கவில்லை. குளித்தால் தண்ணீர் மேலே நிற்கவில்லை. சில வாரங்களில், அவர் நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் வழியாகவே பின்னால் தொங்கிய காலண்டரில் தேதி பார்க்க முடிந்தது. அவர் மனைவி சந்திரகலா பயந்துபோய்க் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டு, "நோயெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ஆளுதான் கொஞ்சம் கம்மியா இருக்காரு" என்றார். இப்படியே விட்டால் ஐப்பசிக்குள் மனுஷன் முழுசாகத் தீர்ந்துபோவார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் வழியெல்லாம் அழுதாள்.

அவளும் அதே மில்லில் வேலை பார்த்தவள்தான். மாற்றி விட ஆள் வராமல் மிஷினை விட்டு யாரும் நகரக்கூடாது என்பது அங்கே சட்டம். மறுநாள் சாயந்திரம் கொண்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசல்நிழலில் போய் நின்றாள்.

"கீ வீவ்?"

"மாத்தாளு. அந்தாள எறங்கச் சொல்லு, ஷிப்டு முடிஞ்சி எவ்ளோ நாளாவுது."

மதில்மேல் லுங்கி நிழல் நின்றது, இறங்கியது. புடவை நிழல் ஒன்று ஏறியது.

அன்றிரவு கலியபெருமாள் ஒரு சட்டிச் சோறு தின்றார். தின்றுவிட்டு, சந்திரகலாவின் தோள் வழியாகச் சுவர் தெரிவதைப் பார்த்துத் தேம்பி அழுதார். "எதுக்குடி போன? நாளைக்கி நான் போறேன்."

"போ, யாரு வாணாம்னா? மறுநா நான் வரேன். மில்லு ஓடுனப்பவும் நீ ஒரு ஷிப்டு, நான் ஒரு ஷிப்டுதான?"

அதிலிருந்து அப்படியே நடக்கிறது. ஒரு நாள் அவர் கம்மி, மறுநாள் அவள் கம்மி. வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு பேரும் முழுசாக இருப்பதில்லை. தெருக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தால், இன்றைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள்.

வெயில் இல்லாவிட்டால் கோட்டை இல்லை, டூட்டியும் இல்லை. அதனால் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால், பிள்ளைச்சாவடியில் படகுகளை மேட்டுக்கு இழுக்கிறார்கள், கடைக்காரர்கள் ஷட்டரை இறக்குகிறார்கள், சந்திரகலா இரண்டு பேருக்கு மீன் வாங்கிவந்து மசாலா அரைக்கிறாள்.