ஒரு சாண் உயரம்

…இளக்கமாகக் கிடக்கட்டும் என்று சொல்ல இது என்ன கைலியா, சோறு தின்றபிறகு முடிச்சை நெகிழ்த்திவிட்டு ஏப்பம் விட, காரைக் கட்டுகிற கயிறு அல்லவா, கயிறு என்றால் ஒன்று இறுகக் கிடக்கும், இல்லையென்றால் சுருட்டி ஆணியில் தொங்கும், நடுவில் ஒரு நிலை அதற்குக் கிடையாது என்று ஒரு மில் மேனேஜருக்கு எப்படிச் சொல்வது, சங்கிலிப்பாண்டி தலையை ஆட்டினார், சம்மதம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஈ ஓட்டினார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். மேனேஜர் ஞானதுரை சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். "வாய்க்கா பாலத்துல எப்படியும் ஒரு தூக்கு தூக்கும் அண்ணாச்சி. சரிஞ்சா சரிஞ்சுட்டுப் போகுது. உங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ" என்று, மழை வரும்போலிருக்கிறது என்பதைப்போலச் சொல்லிவிட்டு, வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றார். வியாழக்கிழமை காரை நேரில் கொண்டுவந்து காட்டு என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஜட்ஜ் சொல்லியிருந்தார், இன்றைக்கு வியாழக்கிழமை. சின்ன முதலாளியின் கார் நாலு மாதத்துக்கு முன்னால் அன்றைக்கு ஷெட்டை விட்டு வெளியே வரவே இல்லை, மில்லுக்கு வேலைக்கு நடந்துவந்த குருவம்மாளை ஏதோ ஒரு லாரி அடித்துப்போட்டுப் போய்விட்டது என்பது மில்காரர்கள் கட்சி. ஆனால் காரின் இடதுபக்க மட்காடு நசுங்கிக் கிடக்கிறது, விளக்கு உடைந்து கிடக்கிறது… வாய்க்காலுக்குள் விழுந்து உருண்டுவிட்டால் எது பழைய நசுங்கல், எது புது நசுங்கல் என்று படைத்தவன் வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. சரிதான், மேனேஜர் மேனேஜராக இருப்பதற்குக் காரணம் இருக்கத்தான் செய்கிறது.

முதலில் ஏற்ற வேண்டுமே, ஏற்றினால்தானே விழவைக்க முடியும். வெள்ளைக்காரன் நாட்டுக் கார், சிவப்பு, கூரை கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம், நின்றால் ஒரு ஆளின் இடுப்புக்கு வராது, அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடையில் ஒரு சாண்தான், கோழி நுழைந்தால் கொண்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். நாலு மாதம் குடோனில் கிடந்ததில் எலி ஒயரைத் தின்று எஞ்சின் பேசாமல் போய்விட்டது. லோடுமேன்கள் டிராக்டர் டிரெய்லருக்குப் பலகை சாத்தி, ஐலசா போட்டுத் தள்ளி, பாதியில் பலகை விளிம்பு வயிற்றில் தட்டி, மூக்கு மேலே, வால் கீழே என்று கார் நின்றபோதுதான் ஞானதுரை ஆள் விட்டுச் சங்கிலிப்பாண்டியைக் கூப்பிட்டார். முப்பத்தைந்து வருஷம் இந்த ராஜபாளையம் மில்லில் பஞ்சுப்பொதி ஏற்றி வடம் கட்டியவர். கூமாப்பட்டியில் ஒரு சூறைக்காற்றின்போது வைக்கோல் போருக்குக் கயிறு போட்டவரும் அவர்தான், போர் அசையவில்லையாம், அதன் அடியில் கிடந்த நிலம்தான் கிழக்கே அரைமுழம் தள்ளிப்போய்விட்டதாம், முன்சீப் வந்து எல்லைக்கல்லைப் பிடுங்கி நட்டாராம், இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மயிர் அசையாது, கேட்கிறவர்கள்தான் டீயைச் சிந்துவார்கள். அவர் வந்து பார்த்தார். டிரெய்லரைக் கொண்டுபோய் மில்லுக்குப் பின்னால் கண்மாய்க்குள் இறக்கச் சொன்னார், கண்மாய் காய்ந்து கிடந்தது, டிரெய்லரின் வாலைக் கரையோடு அணைத்து நிறுத்தினால் கரையும் டிரெய்லரும் ஒரே மட்டம், கரைமேல் காரைத் தள்ளிக்கொண்டு வந்து பலகை போட்டு அப்படியே உள்ளே விட்டார்கள், திருமண வீட்டுக்குள் மாப்பிள்ளை நுழைவதுபோல் போய் நின்றது. நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்து அடித்தார். மற்றதெல்லாம் கயிறு.

கயிறு கட்ட அடியில் போக வேண்டும். உடம்புக்கு மேலே கட்டினால் பிரயோசனமில்லை, வண்டி குதிக்கக் குதிக்க ஸ்பிரிங் அமுங்கும், கயிறு தொய்யும், தொய்ந்த கயிறு அவிழ்ந்த கயிறு. ஆக்சிலில் கட்ட வேண்டும். மல்லாந்து படுத்து, தலையை ஒருச்சாய்த்துக்கொண்டு ஒரு சாண் இடுக்கில் கையை விட்டபோது எண்ணெய்ப் பிசுக்கும் நாலு மாதத்துப் புழுதியும் மூக்கில் ஏறியது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், பின் ஆக்சில் கைக்குத் தட்டுப்பட்டது, கூடவே என்னவோ விரலில் சுருக்கென்றது. எட்டிப் பார்த்தார். கிரீஸில் பதிந்து ஒரு துண்டு வளையல், பச்சைக் கண்ணாடி, பிறை மாதிரி. முன்னால் இல்லை… மோதிய மட்காட்டுப் பக்கம் இல்லை, பின்னால், பின் ஆக்சிலுக்குப் பக்கத்தில். பெருவிரலால் ஒரு இழுப்பு இழுத்தால் வந்துவிடும். இழுக்கவில்லை. ஏன் இழுக்கவில்லை, இழுத்து மடியில் போட்டிருந்தால் முடிந்தது, ஜட்ஜ் வந்து மல்லாந்து படுக்கப்போகிறாரா, மோட்டார் இன்ஸ்பெக்டரே படுக்கவில்லை, மில்காரர்களுக்குத் தோதாக நின்றுகொண்டு பார்த்து எழுதிக்கொடுத்தவர், வடம் கட்டுகிறவனைத் தவிர எவன் அங்கே முகத்தைக் கொண்டுபோவான்… கை மட்டும் தன் பாட்டுக்குக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே வந்து லோடுமேன்கள் ஆறு பேரையும் காருக்குள் ஏறி உட்காரச் சொன்னார், இரண்டு பேர் கார், ஆறு பேர் மடியும் தோளுமாக ஏறினார்கள், ஸ்பிரிங் அமுங்கிக் கார் பூமிக்குள் போவதுபோல் இறங்கியது, அந்த நிலையில் நாலு மூலைக்கும் உடம்பையும் சேர்த்து இழுத்து, கம்பு செருகி முறுக்கிக் கட்டினார். பிறகு எல்லாரையும் இறங்கச் சொன்னார். கார் எழும்பப் பார்த்தது, முடியவில்லை, கயிறு நாலும் தந்தி மாதிரி விண்ணென்று நின்றன. உள்ளே இருப்பது எழும்ப எழும்ப முடிச்சு இறுகும், அவ்வளவுதான் வித்தை. ஞானதுரை பார்த்துக்கொண்டுதான் இருந்தார், அவருக்குக் கணக்குத் தெரியும், கயிறு தெரியாது, ஒரு கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "போதும்லா அண்ணாச்சி?" என்றார். போதும் என்றார் இவர்.

சிவனாண்டி டிராக்டரை எடுத்தான், சங்கிலிப்பாண்டி டிரெய்லரில் காரின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார், ஞானதுரை ஜீப்பில் முன்னால் போனார், வாய்க்காலில் விழுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பார், நல்ல மனுஷன். இடதுகைப் பக்கம் மலை கூடவே வந்தது. ரோட்டோரம் நின்றவர்கள் எல்லாம் காரைப் பார்த்தார்கள், அப்புறம் இவரைப் பார்த்தார்கள், பார்த்தவுடன் வாய் ஓரம் இழுத்துக்கொண்டது. அது அந்தக் கதையினால். அன்றைக்கு விடிந்தும் விடியாமல் அய்யனார் கோவில் ரோட்டில் குருவம்மாள் அடிபட்டது, ஒரு மணி நேரத்துக்குள் டீக்கடையில் இவர் சொல்லியாயிற்று… கார் வந்துச்சு, சக்கரம் தரையில படல, அடிச்ச அடியில தூக்குச்சட்டி மூடி தனியாப் பறந்துச்சு, பறந்து போயி தளவாய்புரத்துல ஒரு கல்யாண வீட்டு ரசக்குண்டாவுல விழுந்துச்சு, அளவெடுத்தாப்பல பொருந்திக்கிச்சு, சமையக்காரன் இதுவரைக்கும் மூடியில்லாம தவிச்சுக்கிட்டு இருந்தேன்னு கும்பிட்டான். கடையே சிரித்தது. ஏட்டு மூக்கில் டீ ஏறி இருமினார். இன்ஸ்பெக்டர் வந்து, பார்த்தவர்கள் யாரும் உண்டா என்று கேட்டதற்கு, இருக்கார் ஐயா, ரசக்குண்டா வரைக்கும் போய்ப் பார்த்தவர் என்று அதே ஏட்டு சொல்ல, இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டு நோட்டை மூடினார். கடைக்கு வெளியே குருவம்மாளின் அக்கா செல்லத்தாய் நின்றிருந்தாள், அது பிறகுதான் தெரிந்தது, தங்கச்சியைத் தேடிக்கொண்டு வந்தவள், இத்தனை சிரிப்பு எதற்கு என்று புரியாமல் அவளும் லேசாகச் சிரித்த முகமாக எட்டிப் பார்த்தாள்… சே.

எட்டு மாதிரியாவது சொல்லியிருப்பார் அதற்குப் பிறகு. ஒன்றில் மூடி சேத்தூர் போயிற்று, ஒன்றில் காக்காய் கவ்விக்கொண்டது. எதிலும் கார் நின்றது வராது. கார் நின்றதே. மோதினவுடன் நின்றதே, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, சின்ன முதலாளி ஸ்டீரிங்கைப் பிடித்தபடி விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார், முகம் சுண்ணாம்பு, குருவம்மாளின் தூக்குச்சட்டி மூடி மட்டும் ரோட்டில் சுற்றிச் சுற்றி விழுந்தது, எங்கேயும் பறக்கவில்லை. இவர் ஓடினார், தோளில் வடக்கயிறு, அந்தப் பிள்ளை அந்தப் பக்கம் பள்ளத்தில் விழுந்திருக்கும் என்று நினைத்தார், நினைத்தாரா, நினைக்கக்கூட இல்லை, முன்னால் ஒரு வண்டி நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது, முப்பத்தைந்து வருஷமாக லோடு கட்டி முடித்து வண்டிகளை அனுப்பிவைக்கிற இந்தக் கை, நிற்கிற வண்டியைப் பார்த்தால் என்ன செய்யுமோ அதைச் செய்தது. காரின் பின்பக்கத்தைப் படபடவென்று இரண்டு தட்டு தட்டி, "ரைட்… போலாம்" என்றது வாய். சின்ன முதலாளி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சொன்னதைச் செய்தார், அவருக்கும் யாராவது ஏதாவது சொன்னால் போதுமென்று இருந்திருக்கும். கார் போனது. ஒரு சாண் உயரக் கார், ஒரு முழம் ஏறி இறங்கியது. தட்டின கையில் அது தெரிந்தது, லோடு எதன்மேல் ஏறினாலும் அந்தக் கைக்குத் தெரியும். அதற்கு முன்னால் அந்தப் பிள்ளைக்கு உயிர் இருந்ததா, யார் சொல்வது, இருந்திருக்காது, மோதின மோதலுக்கு எப்படி இருக்கும், இருந்திருக்காது… வளையல் போட்ட கை பிறகு அசைந்ததா என்ன. கார் வெளியே வரவே இல்லை என்று மில்காரர்கள் சொல்வதால் சின்ன முதலாளி இவர் பெயரை எடுக்க முடியாது. இவர் மூடியைப் பறக்கவிட்டதால் சின்ன முதலாளியின் பெயரும் எடுபடவில்லை. இரண்டு பேரும் ஒரே கயிற்றில்தான்.

வாய்க்கால் பாலம் வந்தது. சிவனாண்டிக்கும் சொல்லிவைத்திருப்பார்கள்போல, வேகத்தைக் குறைக்கவில்லை. டிரெய்லர் தூக்கியது, இவரே ஒரு சாண் எழும்பி விழுந்தார், பல் நாக்கைக் கடித்தது. கார் அசையவில்லை. எழும்பப் பார்த்தது, கயிறு இன்னும் இறுகியது, அவ்வளவுதான். வலதுகைக் கயிற்றின் கம்பு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது, ஒரு சுற்று எதிர்ப்பக்கம் விட்டால் போதும், பாலம் முடிய நாலு கஜம் இருந்தது, மூன்று கஜம், இன்னும் ஒரு தூக்கு உண்டு… கை போனது. கம்பைப் பிடித்தது. பிடித்து இன்னும் அரைச்சுற்று இறுக்கிவிட்டது. இதை நான் செய்தேனா என்று நினைத்தார். இல்லை, இதுவும் கைதான். கை செய்த நல்லதை மட்டும் தன் பெயரில் எழுதிக்கொண்டு, கெட்டதைக் கையின் பெயரில் விட்டுவிட முடியுமா?

கோபுரம் தெரிந்தது, பிறகு கோர்ட்டு. காம்பவுண்டுக்குள் டிராக்டர் நின்றபோது ஞானதுரை காரைப் பார்த்தார், அப்புறம் இவரைப் பார்த்தார், கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மண்மேடு இருந்தது, அதில் டிரெய்லரைப் பின்னால் விட்டு அணைத்தால்தான் காரை இறக்க முடியும், சங்கிலிப்பாண்டி கீழே இறங்கிப் பின்னால் போய், பலகையைத் தாண்டித் துருத்திக்கொண்டிருந்த காரின் பின்பக்கத்தில் கையை வைத்து நின்றார். குமாஸ்தாக்கள், டவாலி, கேஸுக்கு வந்த ஜனம், பத்து இருபது பேர் கூடிவிட்டார்கள், ராஜபாளையத்துக்காரர்களும் இருந்தார்கள், இவரைக் கண்டதும் சிரிப்பை முன்கூட்டியே எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்கள், இனி அவர் வாயைத் திறந்தால் போதும். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு செல்லத்தாய் வந்தாள். அவள் சிரிக்கவில்லை. காரின் நசுங்கலையே கொஞ்சநேரம் பார்த்தாள், தொட வந்த கையை இழுத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நீங்க நெசமாவே பாத்தியளா? இல்ல அதுவும் கதைதானா?"

நசுங்கல் பேசிக்கொள்ளும், மோதினது இந்தக் கார்தான் என்று அது சொல்லும், பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தாயிற்று. பச்சைத் துண்டு பேசாது. அதைப் பேசவைக்க ஒருத்தன் மல்லாந்து படுத்தவனாக இருக்க வேண்டும். பார்த்தேன் தாயி என்று ஆரம்பித்தால்கூட மூடி எங்கே போய் விழுந்தது என்று பின்னாலிருந்து ஒருத்தன் கேட்பான், அத்தனை பேரும் சிரிப்பார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது… மூடி. அந்த மூடியை எப்போது பறக்கவிட்டோம்? டீக்கடையில் உட்கார்ந்தபிறகு வந்த யோசனை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். இல்லை. ரோட்டிலிருந்து கடைக்கு நடந்துபோகும்போதே, முதுகுக்குப் பின்னால் அந்தப் பிள்ளை கிடக்கும்போதே, சேத்தூரா தளவாய்புரமா, எந்த ஊரில் விழுந்தால் அதிகமாகச் சிரிப்பார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் போனார். ஆறு பேரை ஏற்றி அமுக்கி, நாலு மூலையும் இழுத்துக் கட்டுவதுபோல. அது கையும் இல்லை, வாயும் இல்லை.

"அண்ணாச்சி, பின்னால வரலாமா?" என்று டிராக்டரிலிருந்து சிவனாண்டி கத்தினான். செல்லத்தாய் டிரெய்லருக்குப் பின்னால் அங்கேயேதான் நின்றாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. காரின்மேல் வைத்த கையை எடுக்கவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது, எடுத்தால் அது அன்றைக்குப்போலத் தட்டிவிடும் என்று பயமாக இருந்தது.