வெந்நீரில் போன சால்வை

அந்தச் சால்வை நீலமா பச்சையா என்பதில் எனக்கு இப்போது உறுதியில்லை. ஆனால் அதன் வாசனை நினைவிருக்கிறது. நான் அதை ஒருமுறைகூட முகர்ந்ததில்லை. முகராத வாசனை எப்படி நினைவில் தங்கும்? ஆகவே நான் சொல்வதில் பாதியை என் மனம் பிற்பாடு இட்டு நிரப்பியிருக்கலாம்.

கடல் தாண்டிய ஒரு நாட்டில், எங்கள் சபை நடத்திய பிள்ளைகள் இல்லம் அது. சண்டையில் தாய்தகப்பனை இழந்த பிள்ளைகள். கன்னியர் நான்கு பேரில் தமிழ் பேசுவோர் இருவர்: சமையலறையில் நான், சலவையில் என்னைவிட மூத்த ஒருவர். கொப்பரையில் துணியை அவிப்பதுதான் அவருடைய உண்மையான செபம் என்று சொல்லி, வெள்ளாவி சிஸ்டர் என்று பெயர் வைத்திருந்தேன்.

“விட்டா எங்களையும் அவிச்சுடுவீங்க சிஸ்டர்.”

“உன்னை அவிக்க இந்தக் கொப்பரை பத்தாதும்மா.” அப்போது நான் நல்ல பருமன்.

நான் கேலி செய்த அந்தப் பழக்கத்துக்குக் காரணம் இருந்தது. ஒரு மழைக்காலத்தில், புதிதாக வந்த பிள்ளையின் போர்வையிலிருந்து சொறி எல்லோருக்கும் பரவியது. புண் சீழ் வைத்து ஒரு கைக்குழந்தை இறந்தது. அதைப் பெட்டியில் கிடத்தியவர் அவர்தான். அன்றிலிருந்து அவர் போட்ட விதி: வருகிற பிள்ளையின் மேல் இருப்பதெல்லாம் முதலில் கொப்பரைக்கு.

பிறகு ஒருநாள் ஒரு சிறுமி லாரியில் வந்தாள். நாலு வயது இருக்கும். எலும்பும் தோலும், பெரிய காதுகளும். சுண்டெலி என்று கூப்பிட்டோம். வழியில் இறந்துபோன தாயின் சால்வையைச் சுற்றியிருந்தாள். வெள்ளாவி சிஸ்டர் கொஞ்சிக் கொஞ்சி அதைக் கழற்றினார். அவளைக் குளிப்பாட்டினார். சால்வையை மருந்து ஊற்றி அவித்து, காயவைத்து, மாலையில் பூப்போல மடித்துக் கொடுத்தார்.

சுண்டெலி அதை முகத்தில் அழுத்தி முகர்ந்தாள். திருப்பி நீட்டினாள்.

“இது இல்ல” என்றாள், அவள் மொழியில்.

அதன்பின் பேசவில்லை. தண்ணீர் குடித்தாள், கஞ்சியைக் கொண்டுபோனால் பல்லைக் கடித்துக்கொண்டாள். பகலெல்லாம் கொடிகளுக்கு அடியில் நடந்து, தொங்கும் துணிகளை ஒவ்வொன்றாக இழுத்து முகர்ந்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “இப்படியே போனா தாங்காது” என்று மட்டும் சொன்னார்.

“என்ன சிஸ்டர் தேடுறா?” என்று கேட்டேன்.

 வெள்ளாவி சிஸ்டர் தன் கையை முகர்ந்து பார்த்தார். அதில் மருந்து நெடிதான் இருந்திருக்கும்.

“அவ அம்மாவை நான் ரெண்டாந்தடவை சாகடிச்சிருக்கேன்” என்றார்.

மறுநாள் காலை அந்தச் சால்வையை அங்கிக்குள், மார்பின் மேல் சுற்றிக்கொண்டார். அன்று முதல் குளிக்கவில்லை. அந்த வெயிலில் விறகு பிளந்தார், அடுப்பு ஊதினார், கைக்குழந்தைகளைத் தோளில் போட்டுத் தூங்கவைத்தார். சோப்பைத் தொடாமல் அவரைப் பார்ப்பதே எனக்குப் பயமாக இருந்தது.

“சிஸ்டர், கோயில்ல உங்க பக்கத்துல உட்கார முடியல. நாறுறீங்க.”

“நாறட்டும். நீ ரெண்டு பெஞ்சு தள்ளி உட்காரு.”

அந்த நாட்களில் ஒரு பிற்பகல் பிள்ளைகளின் சத்தமே கேட்கவில்லை. சமையலறை சன்னலைத் திறந்து பார்த்தேன். கொடிகளுக்கு அடியில் சுண்டெலி மட்டும் இல்லை. பெரிய பிள்ளைகளும் நின்றார்கள். எப்போதோ வந்தவர்கள், நன்றாகச் சாப்பிடுபவர்கள், பாட்டுப் பாடுபவர்கள். ஆளுக்கொரு துணியை முகத்தோடு வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள். யாரும் அழவில்லை. காற்று வந்தபோது துணிகள் மட்டும் ஆடின. வெள்ளாவி சிஸ்டர் கொப்பரை அருகே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் கொண்டுவந்ததையெல்லாம் அவித்தவர் அவர். இன்றும் கண்ணை மூடினால் அந்தப் பிற்பகல் வந்துவிடுகிறது.

அன்று மாலையே சால்வையை அவிழ்த்து சுண்டெலியிடம் கொடுத்தார். அவள் முகர்ந்தாள். எங்களை ஏமாற்ற முடியும், அவளை முடியாது. இல்லை என்று தலையை ஆட்டினாள். ஆனால் இம்முறை திருப்பித் தரவில்லை. எழுந்து வந்து, சிஸ்டரின் கழுத்தில் மூக்கை வைத்தாள். பிறகு சால்வையில். மறுபடியும் கழுத்தில். இரண்டும் ஒன்று என்று கண்டுகொண்டவள்போல அவர் மடியில் உட்கார்ந்தாள்.

“கஞ்சியைக் கொண்டா” என்றார் சிஸ்டர், என்னைப் பார்க்காமல். “ஆற வச்சுக் கொண்டா. நின்னு அழாதே, தூரப் போய் அழு.”

நாலு வாய் வாங்கினாள். ஐந்தாவதைத் துப்பினாள். எங்களுக்கு அது போதும்.

அதற்குப்பின் எந்தத் துணியையும் அவிக்குமுன் ஒரு மூலையைக் கத்தரித்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் போட்டு வைக்கும் வழக்கம் வந்தது. பிள்ளை கேட்கும்போது மூடியைத் திறந்து காட்டுவோம். முன்பே வந்த பிள்ளைகளுக்குக் காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. அவர்கள் கேட்கவும் இல்லை.

வெள்ளாவி சிஸ்டர் சிறுநீரகம் கெட்டு அங்கேயே இறந்தார். இல்லத்துக்குப் பின்னால் புதைத்தோம். பெரிய பிள்ளைகளில் சிலர் படித்து வேலைக்குப் போனார்கள், இருவர் ஓடிப்போனார்கள், ஒருவன் சிறையில் இருக்கிறான். சுண்டெலி துறைமுக நகரம் ஒன்றில் பஸ் ஓட்டுகிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இல்லத்தை இப்போது அந்த நாட்டுக் கன்னியரே நடத்துகிறார்கள். நான் திரும்பி வந்து, எங்கள் சபையின் முதியோர் மடத்தில் இருக்கிறேன்.