அரை அங்குலம் சரிந்த தட்டு

ஒரு அலமாரியில் தட்டு ஆடியிருந்தால் முருகையன் மரத்தைத் திட்டிவிட்டுப் போயிருப்பான். எட்டில் மூன்று ஆடின. இடப்பக்கப் பலகையில் போட்ட துளைகள் வலப்பக்கத்தைவிட அரை அங்குலம் இறங்கியிருந்தன. பித்தளைக் குச்சிகளைச் செருகித் தட்டை வைத்தால் புத்தகமெல்லாம் ஒரு பக்கமாகச் சரியும்.

செங்கம் சாலையில் புதிதாகக் கட்டிய விடுதியின் படிப்பறைக்கான வேலை அது. கார்த்திகை தீபத்துக்குள் முடிக்காவிட்டால் எதிர்க்கடை இராமலிங்கத்திடம் கொடுத்துவிடுவேன் என்று விடுதிக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். இன்னும் பதினோரு நாள்தான் பாக்கி.

துளை போட்டவன் வேடியப்பன். இங்கே வருமுன் ஆறு வருஷம் அவன் யாரிடம் இருந்தான்? அதே இராமலிங்கத்திடம்! முருகையனின் மூளைக்கு இதற்கு மேல் தீனி வேண்டுமா என்ன? டீக்கடையில் இருவரும் சிரித்துப் பேசியதையும் சேர்த்துக்கொண்டான். டிரில் மிஷினை வேடியப்பன் நிதானமாகப் பிடித்தால் வேலையை இழுத்தடிக்கிறான், வேகமாகப் பிடித்தால் கெடுக்கிறான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததில் முருகையனுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

நான்காவது அலமாரியும் ஆடியதும் வெடித்துவிட்டான்.

"இன்னா சொல்லி அனுப்பினான்டா உன்ன?"

"யாரு, மொதலாளி?"

"நடிக்காத. நீ இன்னும் எதுத்த கடை ஆளுதான்டா!"

தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வேடியப்பன் மிஷின் வயரைப் பிடுங்கிச் சுற்றி வைத்தான்.

"பட்டைய வெச்சுத்தான் போட்டேன். நீங்களே பாத்துக்குங்க" என்றவன் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

பட்டை என்றால் வரிசையாக ஓட்டை போட்ட நீளச் சட்டம். பலகைமேல் அதை வைத்து, அந்த ஓட்டைகள் வழியாகத் துளை போட வேண்டும். இரண்டு முனையிலும் விட்ட இடம் ஒரே அளவில்லை; தலைகீழாக வைத்தால் அரை அங்குலம் போச்சு. அதனால் மேல்முனையில் முருகையன் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தான். குற்றத்தை நிரூபித்தே தீருவது என்று மறுநாள் அந்தக் கோட்டைத் தேடினான். காணோம்!

"அழிச்சிட்டான் பாத்தியா, திருட்டுப்பய!" என்று பெண்டாட்டி சரசுவைக் கூப்பிட்டுக் காட்டினான்.

சரசு பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு முனையிலும் குங்குமம் காய்ந்து சிவந்திருந்தது.

"ஏங்க, ஆயுத பூஜைக்கு ஈரத்துணியால தொடச்சு, ரெண்டு பக்கமும் பொட்டு வெச்சது நீங்கதானே? எந்தச் செவப்பு மேலன்னு அவன் இன்னாத்தக் கண்டான், பாவம்? அவன் மேல பாஞ்சீங்களே!"

முருகையனை வெட்கம் பிடுங்கித் தின்றது. செருப்பைக்கூட மாட்டாமல் வேடியப்பன் வீட்டுக்கு ஓடினான். வீடு பூட்டியிருந்தது. திரும்பி வரும்போது எதிர்க்கடைக்குள் டிரில் ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவன் வேடியப்பன்.

"தப்பு என்னுதுதான்பா. வா, ரெண்டு பேருமா உக்காந்து முடிச்சிடலாம்."

வேடியப்பன் மிஷினை நிறுத்தினான்.

"நேத்து பொழுது சாயற வரைக்கும் ஊட்லதான் இருந்தேன் மொதலாளி, நீங்க வருவீங்கன்னு. எதுத்த கடை ஆளுன்னு நாலு பேருக்கு முன்னால சொல்லிட்டீங்க. அப்புறம் வேற எவன் என்னை வேலைக்குச் சேப்பான்? இவருதான் வான்னாரு."

அவன் கைக்கடியில் இருந்த பலகையை முருகையன் அப்போதுதான் கவனித்தான். புத்தக அலமாரியின் பக்கப் பலகை.

"விடுதிக்காரரு காலையிலேயே வந்து அளவு குடுத்துட்டாரு" என்றான் வேடியப்பன். "உங்க கடையில ஆளு இல்லன்னு யாரோ சொன்னாங்களாம்."

உள்ளேயிருந்து வந்த இராமலிங்கம், முருகையன் உட்கார ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.