ஆங்கஸுக்கு 'சி' போட்டவர்கள்

மல்லாரி என்ற சிற்றூரில் பள்ளி ஒன்றுதான். அதற்கு நான் தலைமையாசிரியை. ஐந்தாம் வகுப்பு ரோஸ்லினுடையது. தான் போட்ட தரம் சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க பக்கத்து அறையில் இன்னொரு ஐந்தாம் வகுப்பு ஆசிரியை இல்லை. அதனால் மாணவர் கட்டுரையைப் பெயரில்லாமல் தட்டச்சு செய்து, மாநில ஆசிரியர்களின் முகநூல் குழுவில் போட்டு, "நீங்கள் என்ன தருவீர்கள்?" என்று கேட்பாள்.

அரையாண்டுத் தர அறிக்கை வீடுகளுக்குப் போன மறுநாள் டினீன் ஸ்கல்லி என் அறைக்கு வந்தாள். மகன் ஆங்கஸின் கட்டுரைக்கு 'சி'. டினீனும் ஆசிரியைதான், பக்கத்து ஊரில். ரோஸ்லினைக் கூப்பிட்டேன்.

"தினமும் நானே உக்காந்து சொல்லிக்குடுக்கிறேன். அவனுக்கு சி-யா? மாத்தலன்னா மேலிடத்துக்கு எழுதுவேன்."

"சி-ன்னா வயசுக்கேத்த அளவுதான்னு உங்களுக்குத் தெரியாதா டினீன்?" என்றேன்.

"அந்தக் கதைய மத்த அம்மாக்களுக்குச் சொல்லுங்க. நானே சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்."

அவள் எழுதினால் ரோஸ்லினின் வேலை நிரந்தரமாவது நின்றுவிடும். 'பி' போட்டுவிடு என்று கண்ணால் சொன்னேன். ரோஸ்லின் என் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்களுக்கு ஒண்ணு காட்டணும் டினீன். காட்டினா எனக்குத்தான் சிக்கல், பரவாயில்ல." கைபேசியை நீட்டினாள்.

வெள்ளத்தில் சிக்கிய ஆட்டைப் பற்றிய கட்டுரை. கீழே டினீன் பெயரிலேயே ஒரு மறுமொழி: "சி. ஆடு தண்ணீரில் இருக்கும்வரை பிரமாதம். கரையேறியதும் கதை செத்துவிட்டது. பி கேட்டு அம்மா வந்தால் என்னிடம் அனுப்புங்கள்."

டினீன் இருமுறை படித்தாள். "இது இவனோடதா?"

"வகுப்புலயே எழுதினது."

"எங்கிட்ட ஆட்டைப் பத்தி மூச்சே விடல." பிறகு குரல் இறுகியது. "என்னைக் கேக்காம எம்புள்ள எழுதினத மாநிலம் பூரா படிக்க விட்டிருக்கீங்க."

"ஆமா. அது தப்பு. இப்பவே எடுத்துடறேன். ஆனா சி தப்பில்ல."

எங்கள் கண்முன்னே பதிவை அழித்தாள். அவளுக்கிருந்த ஒரே சாட்சியும் அதோடு போயிற்று.

டினீன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அனுப்புங்கன்னு நான்தானே எழுதினேன். வந்துட்டேன், என்ன பண்றது. சி இருக்கட்டும்."

கதவருகே நின்றாள். "இனிமே சந்தேகம்னா எனக்கு நேரா போன் போடுங்க. எம்புள்ளதுன்னா மட்டும் முன்னாடியே சொல்லித் தொலைங்க."

நிரந்தரத்துக்கான பரிந்துரையில் அன்றே கையெழுத்திட்டேன். பெற்றோரைக் கேட்காமல் இனிப் பதிவு கூடாது என்று தனியாக ஒரு கடிதமும் கொடுத்தேன். அதையும் ரோஸ்லின் நிமிர்ந்து நின்றுதான் வாங்கிக்கொண்டாள்.