கையில் எழுதிய இருநூற்றுப் பதினான்கு

புவனா செய்த தப்புக்கு அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. சூலூர்ப் பக்கம் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகிய அவள் வீட்டார் எல்லோருமே தண்ணீரில் இறங்கும் முன் கைகால்களுக்கு எண்ணெய் தடவிக்கொள்வார்கள். தடவினால் குளிர் ஏறாது, தோல் வறளாது என்பது அவர்கள் கணக்கு. ஏழு வயதில் அப்படித்தான் குதித்தாள், நாற்பத்தாறு வயதிலும் அப்படித்தான் குதிக்கிறாள். நடுவில் ட்ரையத்லான் என்று ஒன்றுக்குப் பேர் கொடுத்ததால் மட்டும் பழக்கம் மாறிவிடுமா என்ன.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடைவெளி இல்லாமல் முடிக்கிற போட்டி அது. போன வருஷமும் போனாள். சைக்கிள் பஞ்சராகி, கெடு தாண்டி வந்து சேர்ந்தாள். பட்டியலில் அவள் பேருக்கு நேரே ‘முடிக்கவில்லை’ என்று போட்டுவிட்டார்கள். விசைத்தறி ஓட்டுகிற அவள் புருஷன் கிருபாசங்கருக்கு அது வசதியாகப் போயிற்று. பெண்டாட்டி விடியற்காலையில் தலைக்கவசத்தோடு சைக்கிளில் போவதைப் பற்றி நாலு பேர் கேட்கிறார்கள் என்பது அவருக்கு ரொம்ப நாள் வருத்தம். இன்னும் ஒரே ஒரு முறை போய்ப் பார்க்கட்டும், அதையும் முடிக்காவிட்டால் சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்றார். புவனா சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன நாளிலிருந்து ஒரு வருஷம் அவள் சும்மா இருக்கவில்லை. மழை பெய்தாலும் சூலூர் குளத்தங்கரையில் ஓடினாள். பஞ்சர் ஒட்டக் கற்றுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு டயர் மாற்றும் அளவுக்கு வந்தாள்.

இந்த முறை போட்டி காரமடை ரோட்டில் ஒரு கல்லூரியில். காலை ஆறு மணிக்கு பிரத்யுஷா என்ற மாணவி கறுப்பு மார்க்கரோடு ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்களின் இரண்டு புஜத்திலும் கெண்டைக்காலிலும் நம்பர் எழுதிக்கொண்டிருந்தாள். புவனாவின் நம்பர் இருநூற்றுப் பதினான்கு. எழுத ஆரம்பித்தால், ஏற்கெனவே தடவியிருந்த எண்ணெயில் மார்க்கர் வழுக்கியது. பிரத்யுஷா துண்டால் இரண்டு முறை அழுத்தித் துடைத்துவிட்டு எழுதினாள். இத்தனை பெரிதாக உடம்பில் எழுத வேண்டுமா என்று புவனா கேட்டதற்குப் பொறுமையாகவே பதில் சொன்னாள். நெஞ்சில் குத்துகிற காகித நம்பர் தண்ணீரில் கிழிந்துவிடும், அதனால் அதை ஓடும்போது மட்டும்தான் குத்துவார்கள். நீச்சலில் எல்லோருக்கும் ஒரே மஞ்சள் தொப்பி, முகமும் தண்ணீருக்குள்ளே இருக்கும். வெளியே வருவது கை ஒன்றுதான். அதைப் பார்த்துத்தான் சுற்றை எண்ணுவார்கள். யாராவது மயங்கிவிட்டாலும் இன்னார் என்று உடனே தெரியும்.

புவனாவுக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்ததுதான் வினையாகப் போயிற்று. இவ்வளவு முக்கியமான நம்பரைத் தண்ணீர் அழித்துவிடக் கூடாதே என்று யோசித்தாள். எண்ணெய் இருக்கிற இடத்தில் தண்ணீர் ஒட்டாது என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். ஆகவே பையிலிருந்த தேங்காயெண்ணெயை எடுத்து, நம்பரின் மேலேயே இரண்டு கைக்கும் தாராளமாகத் தடவிக்கொண்டாள். அந்த மை தண்ணீருக்கு அசையாது, எண்ணெயில்தான் கரையும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

இருபத்தைந்து மீட்டர் குளம். போய்த் திரும்பினால் ஒரு சுற்று, மொத்தம் பதினைந்து சுற்று. அதற்கு அரை மணி நேரம் கெடு. ஒரு தடத்தில் ஐந்து பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நீந்தினார்கள். கரையில் நாற்காலி போட்டு, சுற்றுகளைக் குறித்துக்கொண்டிருந்தவர் அப்துல் வஹீது, கோட்டைமேட்டில் இரும்புக் கடை வைத்திருப்பவர். அவருக்குப் பின்னால் கம்பி வேலியோரம் கிருபாசங்கர் நின்றிருந்தார். புவனா யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் சுவரைத் தொட்டு, மனசுக்குள் எண்ணிக்கொண்டே நீந்தினாள். பதினைந்தாவது முறை தொட்டு எழுந்தபோது இருபத்து நான்கு நிமிஷம் ஆகியிருந்தது. இந்த முறை விடமாட்டேன் என்ற சந்தோஷத்தோடு ஏணியைப் பிடித்தாள்.

வஹீது கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஏனுங்கம்மா, இருநூத்திப் பதினாலுக்கு எங்கிட்டப் பதிமூணு சுத்துதானுங்க இருக்குது.”

“பதினஞ்சு முடிச்சுட்டேனுங்க.”

“முடிச்சிருப்பீங்க. கடைசியில ரெண்டு தடவை ஒரு கை வந்து தொட்டுதுங்க. அதுல நம்பர் இல்லீங்க. நம்பர் இல்லாத கையை யாரு பேருல எழுதறதுங்க?”

புவனா தன் புஜத்தைப் பார்த்தாள். கறுப்பாக ஒரு தீற்றல் தவிர அங்கே ஒன்றும் இல்லை. மற்றக் கைக்கும் அதே கதி. தன் கையாலேயே தன் பேரை அழித்துக்கொண்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

புகார் கொடுக்கலாம், ஆனால் போட்டி முடிந்த பிறகுதான் குழு விசாரிக்கும், என்ன சொல்வார்கள் என்று சொல்ல முடியாது என்றார் வஹீது. அவர் குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் எழுதியதை மாற்றுகிற உத்தேசம் இல்லை. புவனா வேலிப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள். கிருபாசங்கர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தான் சொல்வது சத்தியம் என்று அவளுக்குத் தெரியும். அதற்காக நின்று பேசினால் நேரம் போகும். பேசி ஜெயித்தாலும் யாரோ இரக்கப்பட்டு எழுதிக் கொடுத்த சுற்று என்று ஊர் சொல்லும். கெடுவுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

“கையைப் பாக்க வேண்டாமுங்க, என் மூஞ்சியப் பாருங்க. நான் திரும்பற வரைக்கும் கண்ணை எடுக்காதீங்க,” என்று சொல்லிவிட்டுத் தண்ணீரில் விழுந்தாள்.

அந்த இரண்டு சுற்றும் கோபத்தில் நீந்தியது. கோபம் வஹீது மேல் இல்லை, தன் மேல்தான். தோள் எரிந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் முகத்தைத் தூக்கிக் காட்டினாள், அவரும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றே குறித்தார். வெளியே வந்தபோது இருபத்தெட்டரை நிமிஷம்.

சைக்கிளில் ஒட்டிய நம்பரும் ஓட்டத்தில் நெஞ்சில் குத்திய நம்பரும் இருந்ததால் அதற்குப் பிறகு யாரும் அவளைத் தடுக்கவில்லை. தடுத்தது கால்தான். அதிகப்படி நீச்சலில் போன பலம் இருபது கிலோமீட்டர் சைக்கிளில் தெரிந்தது. ஓட்டத்தின் மூன்றாவது கிலோமீட்டரில் தொடை பிடித்துக்கொண்டது. நடந்தால் கெடு தாண்டிவிடும் என்று கையிலிருந்த கடிகாரம் சொன்னது. நொண்டிக்கொண்டே ஓடினாள். பார்ப்பவர்கள் பரிதாபப்பட்டிருப்பார்கள், அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. மூன்றுக்கும் சேர்த்து இரண்டே கால் மணி நேரக் கெடுவில் ஒரு நிமிஷம் இருபது விநாடி மிச்சம் இருக்கையில் முடிவுக் கோட்டைத் தாண்டி, புல்தரையில் உட்கார்ந்தாள்.

முடித்தவர்களின் பட்டியலில் அவள் பேர் ஏறியதை ஒலிபெருக்கியில் சொன்னார்கள். புவனாவுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

கிருபாசங்கர் தண்ணீர் பாட்டிலோடு வந்து பக்கத்தில் குந்தினார். மூடியைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

“பதினஞ்சுதான் அம்மிணி,” என்றார். “நானும் எண்ணிட்டுத்தான் இருந்தேன்.”

குடித்துக்கொண்டிருந்தவள் பாட்டிலை இறக்கினாள்.

“அப்பவே அவருகிட்ட ஏனுங்க சொல்லல?”

“சொன்னா நீ முடிச்சுப்போடுவீன்னு தோணுச்சு. அதான் சொல்லல.”

இருபத்து மூன்று வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். அவளுக்கு வலித்தது, தொடையை விட அதிகமாக வலித்தது. அவர் இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது என்பதும் தோன்றியது. அதற்காக மன்னித்துவிட அவள் தயாராக இல்லை.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

“சைக்கிளை வண்டியில ஏத்துங்க,” என்றாள். “நாளைக்குக் காலையில நாலரைக்கு எனக்கு வேணும்.”

அவர் சைக்கிளை எடுத்து வரப் போனார்.