பச்சை ஸ்டிக்கர்

டெப்போவில் அவனுக்குப் பெயர் ‘பிரேக்கு’. பதினேழு வருடமாகப் பஸ்களுக்கு அடியில் மல்லாந்து கிடந்து வாங்கிய பட்டம். அவன் கை பட்ட பஸ் நிற்காமல் போகாது என்று டிரைவர்கள் சொல்லுவார்கள். இப்போதெல்லாம் அதைக் கேட்டாலே ஸ்பேனரைத் தேடுவதுபோல் பஸ்ஸுக்கு அடியில் நுழைந்துகொள்வான்.

பஸ் செய்த கம்பெனியிலிருந்து போன மாதம் கடிதம் வந்திருந்தது. முப்பத்தாறு பஸ்களில் பிரேக் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் கிழிகிறதாம். காற்று கசிந்தால் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காதாம். எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கழற்றிய வால்வைச் சாட்சிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். மாற்றிய பஸ்ஸின் முன்கண்ணாடியில் மெக்கானிக் கையெழுத்துப் போட்ட பச்சை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஸ்டிக்கர் இல்லாத பஸ்ஸை வாட்ச்மேன் கேட்டைத் தாண்ட விடக்கூடாது.

ஒரு வால்வு மாற்ற அரை நாள் பிடிக்கும். அரை நாள் என்றால் நான்கு டிரிப் போச்சு. டெப்போ மேனேஜரோ, ஒரு டிரிப்பும் ரத்தாகாத டெப்போ என்று வாங்கிய கேடயத்தைத் தினமும் கைக்குட்டையால் துடைக்கிற மனிதர். நான்கு பஸ் முடிந்ததுமே அவனைக் கூப்பிட்டார். பழைய சாமான் கொட்டகையில் வால்வு குவிந்துதானே கிடக்கிறது, முப்பத்திரண்டைப் பொறுக்கி அனுப்பிவிட்டு ஸ்டிக்கரை ஒட்டு, மற்றதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

பிரேக்கு மறுத்துப் பேசினானா என்றால், இல்லை. தலையைச் சொறிந்தான். எலிப்புழுக்கை ஒட்டிய ஓட்டை வால்வுகளை மண்ணெண்ணெயில் கழுவி, ஒவ்வொன்றிலும் ஒரு பஸ் நம்பரைக் கட்டினான். முப்பத்திரண்டு கையெழுத்துப் போட்டான். ஒன்றுகூடக் கோணவில்லை, கேவலம். புது வால்வுகள் ஸ்டோரில் பெட்டிகூடப் பிரிக்காமல் கிடந்தன.

அவன் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. மேட்டுச் சாலை ஏறி, அந்தப் பக்கத்துச் செங்குத்தான இறக்கத்தில் இறங்கித்தான் பஸ் அங்கே போகும். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “மத்த டெப்போ பஸ் காலியா வந்தாலும் நான் ஏறுறதில்லைங்க. கண்ணாடியில உங்க கையெழுத்து இருக்கான்னு பாத்துத்தான் ஏறுவேன்.”

அப்போதாவது வாயைத் திறந்தானா? தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் காலை பிளேடும் கையுமாகப் போய், அவள் வழக்கமாக ஏறும் ஏழே கால் பஸ்ஸின் ஸ்டிக்கரைச் சுரண்டினான். அந்த ஒன்றை மட்டும். வாட்ச்மேன் கேட்டில் பஸ்ஸை மறித்தான். மேனேஜர் காட்டுக்கத்தல் கத்தினார். ஸ்டிக்கர் கிழிந்துவிட்டது, எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று புளுகி, புது வால்வோடு அடியில் நுழைந்தான். மனசு லேசாகிவிட்டதுபோல் இருந்தது. பெண்டாட்டியைக் காப்பாற்றிவிட்டானாம், பெரிய மனுஷன்.

ஒரு மணி நேரத்தில் போன் அடித்தது. “இன்னிக்கு ஏழே கால் வரலைங்க. அடுத்ததுலயும் உங்க கையெழுத்து இருந்துச்சு, ஏறிட்டேன். மேடு முடியப்போகுது.”

கழற்றிப் பிரித்த பழைய வால்வு அவன் கையில் இருந்தது. ரப்பர் பாதி கிழிந்திருந்தது.

“எறங்கிடு. அதுல நான் வேலையே பாக்கல. கையெழுத்து மட்டும்தான் போட்டேன்.”

“எதுல எல்லாம்?”

“நாலைத் தவிர எல்லாத்துலயும்.”

“இங்க அம்பது பேரு இருக்காங்க. நான் மட்டும் எறங்கணுமா?”

அவள் போனை வைக்காமலே டிரைவரிடம் போவது கேட்டது. இறக்கத்துக்கு முன்னால் நிறுத்துங்க, பிரேக்கு சரியில்லை என்றாள். டிரைவர் சிரித்தார். முன்னால் ஒட்டியிருக்கிறதே, யார் கையெழுத்து தெரியுமா என்று கேட்டார்.

“தெரியும்,” என்றாள். “அந்த ஆளை நம்பாதீங்க.”